பதினோரு குளம் இருந்த பூங்கா

மூலக்கொத்தளம்னு சொன்னா பாதிப் பேருக்குச் சுடுகாடுதான் ஞாபகத்துக்கு வரும். 1939ல இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிறைக்குப் போய் உயிரை விட்ட நடராசனையும் தாளமுத்துவையும் அங்கதான் அடக்கம் பண்ணினாங்க. அதனால அந்தப் பேருக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனா இன்னிக்கு நான் எழுதப்போறது வேற. அந்தப் பேருக்குள்ள இருக்கிற கொத்தளத்துல ஆரம்பிச்சு, அங்கேருந்து தெற்கே நடந்து போற தூரத்துல இருந்த ஒரு பெரிய பூங்காவைப் பத்தி. பீப்பிள்ஸ் பார்க்குன்னு பேரு. தமிழ்ல சொன்னா மக்கள் பூங்கா. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. இப்போ தேடினா கிடைக்காது. பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன், பூங்கா நகர்னு பேருங்க மட்டும் அந்தப் பக்கத்துல மிச்சம் இருக்கு.

கழனி வேலையைப் பாக்காம பட்டணத்துப் பூங்காவுல உனக்கென்னய்யா வேலைன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, நடுவுல சொல்றேன்.

எங்க அத்தையை மூலக்கொத்தளத்துலதான் கட்டிக் குடுத்தாங்க. மாமாவுக்கு மில்லுல வேலை. அப்பா கொத்தவால் சாவடிக்குக் கத்திரிக்கா, கீரைக்கட்டு எடுத்துக்கிட்டுப் போகும்போது லீவு நாள்ல என்னையும் கூட்டிக்கிட்டுப் போவாரு. பொன்னேரியில ரயிலேறி பேசின் பிரிட்ஜ்ல இறங்கினா அத்தை வீடு கிட்டத்துல. கொத்தளம்னா என்னன்னு மாமாதான் முதல்ல எனக்குச் சொன்னாரு. கோட்டை மதில்ல பீரங்கி வெக்கறதுக்காக வெளியே துருத்திக்கிட்டுக் கட்டுற மேடைக்குக் கொத்தளம்னு பேரு. மூலையில இருந்த கொத்தளம், அதனால மூலைக்கொத்தளம். சொல்லிச் சொல்லி மூலக்கொத்தளம் ஆயிடுச்சு.

அந்த மதிலோட கதையைச் சொல்லாம பூங்கா கதைக்குப் போக முடியாது. 1760கள் கடைசியில ஹைதர் அலியோட படை சென்னை வாசல் வரைக்கும் வந்துட்டுது. 1769ல பரங்கிமலை கிட்டயே வந்து நின்னு, கும்பினிக்காரனை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வெச்சாரு. கோட்டைக்குள்ள இருந்த வெள்ளைக்காரனுக்கு மதில் இருந்துது. வெளியே கருப்பர் பட்டணத்துல, அதாவது இப்போதைய ஜார்ஜ் டவுன்ல இருந்த நெசவுக்காரனுக்கும் வியாபாரிக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் வடக்கேயும் மேற்கேயும் பெரிய மதில் எழுப்பினாங்க. காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் குடுத்துக் கொழுத்தவர். பின்னால இங்கிலாந்து பார்லிமெண்டுல எட்மண்ட் பர்க் இவரைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. எந்தக் காலத்துலயும் காண்ட்ராக்ட் யாருக்குப் போகும்னு நமக்குத் தெரியாதா!

1772 வாக்குல மதில் முடிஞ்சுது. வடக்கு மதிலும் மேற்கு மதிலும் சேர்ற மூலைதான் நம்ம மூலக்கொத்தளம். வடக்கு மதில் ஓடின வழிதான் பழைய ஜெயில் ரோடு. மேற்கு மதில் ஓடின வழி வால்டாக்ஸ் ரோடு, இப்போ வ.உ.சி. சாலை. மதில் கட்டின செலவை ஜனங்க கிட்ட வரியா வாங்கணும்னு திட்டம் போட்டாங்க. அது நடக்கல. வரி போயிடுச்சு, ரோட்டுக்குப் பேரு நின்னுடுச்சு. நடுவுல இருந்த வாசல் ஒண்ணு யானைக்கவுனி. கவுனின்னா வாசல்.

தொண்ணூறு வருசத்துக்குள்ள மதில் தேவையில்லாமப் போச்சு. திப்புவும் இல்ல, பிரெஞ்சுக்காரன் பயமும் இல்ல. உள்ளே வீடுங்க நெருக்கியடிச்சுக்கிட்டு, காத்து இல்லாம, சாக்கடை நாறிக்கிட்டுக் கிடந்துது. காலரா வந்தா கும்பல் கும்பலா சாவாங்க. மதிலை இடிச்சுக்கிட்டே வந்தாங்க. மதிலுக்கு வெளியே மேற்கே, கூவம் ஆறு பக்கமாப் பள்ளமான நிலம் பரந்து கிடந்துது. அந்த நேரத்துலதான் சார்லஸ் டிரெவெலியன் வந்து சேந்தாரு.

1859ல மெட்ராசுக்குக் கவர்னரா வந்தவர் இவர். ஆளைப் பத்தி ரெண்டு விதமாவும் சொல்லணும். 1840கள்ல அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பயிர் நோய் வந்து அழுகிப்போய், லட்சக்கணக்கான குடியானவன் பட்டினியில செத்தான். அப்போ லண்டன் கஜானாவுல உக்காந்துக்கிட்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடிச்ச அதிகாரி இதே டிரெவெலியன்தான். அயர்லாந்துக்காரங்க இன்னிவரைக்கும் அவரை மன்னிக்கல. பயிர் வெக்கற எவனுக்கும் அதைப் படிச்சா வயிறு எரியும். அதே மனுஷன் மெட்ராசுக்கு வந்து, ஜனங்க காத்து வாங்க ஒரு இடம் வேணும்னு நினைச்சாரு. பேருலயே ராஜா ராணி இல்லாம "மக்கள்" பூங்கான்னு வந்துது.

அதிக நாள் அவர் இங்க இருக்கல. கல்கத்தாவுல வில்சன்னு ஒரு நிதி அதிகாரி வருமான வரி போடணும்னு கிளம்பினாரு. டிரெவெலியன் அது கூடாதுன்னு எழுதினதோட நிக்காம, எழுதினதைப் பத்திரிகைக்கும் குடுத்துட்டாரு. மேலிடம் விடுமா? 1860லயே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. ஒரு வருசத்துக்குச் சொச்சம்தான் கவர்னர் வேலை. அதுக்குள்ள ஆரம்பிச்சு வெச்ச பூங்கா அவருக்கப்புறம் வளந்துது.

இப்போ பூங்காவுக்கு வருவோம். பரப்பு 116 ஏக்கர். நம்ம பக்கத்துக் கணக்குல ஏறக்குறைய 88 காணி. ஒரு சின்ன ஏரி ஆயக்கட்டு அளவு! அதுக்குள்ள அலங்காரமா வெட்டின குளம் 11. உள்ளே சுத்தி வர்ற பாதைங்களோட நீளம் அஞ்சரை மைல், அதாவது கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். குதிரை வண்டியில போறவங்க போவாங்க, நடக்கிறவங்க நடப்பாங்க. பேண்டு வாசிக்க ஒரு மண்டபம், பொதுக் குளியல் இடம், ரெண்டு டென்னிஸ் மைதானம், அப்புறம் மிருகக்காட்சி சாலை.

இந்தப் பதினோரு குளத்தைப் பத்தி வெள்ளைக்காரன் எழுதினதுல "அலங்காரக் குளம்"னுதான் இருக்கு. ஆனா மண்ணுல வேலை செஞ்சவனுக்கு அது வேற மாதிரி தெரியும். கூவத்தை ஒட்டின தாழ்வான நிலத்துல பூங்கா போடணும்னா என்ன செய்யணும்? மழை பெஞ்சா தண்ணி நிக்கும், மரத்தோட வேர் அழுகும், பாதை சேறாகும். அங்கங்க குளம் வெட்டினா தண்ணி குளத்துல இறங்கிடும். வெட்டின மண்ணைப் பாதை மேலயும் மரம் வெக்கற மேட்டுலயும் கொட்டலாம். வெயில் காலத்துல அந்தக் குளத்துத் தண்ணியையே புல்லுக்கும் செடிக்கும் எறைக்கலாம். நம்ம ஊருல மோட்டுக் கழனி, பள்ளக் கழனின்னு பாத்துத் தாங்கல் வெட்டின பெரியவங்க புத்தியும் இதேதான். எனக்கு அதைப் பாக்க அலங்காரமாத் தெரியல. 116 ஏக்கரை உயிரோட வெச்சிருந்த ஏற்பாடாத்தான் தெரியுது.

மிருகக்காட்சி சாலை தனிக் கதை. எட்வர்டு பால்ஃபர்னு ஒரு டாக்டர் எழும்பூர் மியூசியத்துக்குப் பொறுப்பா இருந்தாரு. 1855ல மியூசியத்துலயே உயிரோட மிருகங்களை வெச்சாரு. கூட்டம் அலைமோதிச்சு. நவாப் கிட்ட இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கினதுல, ஒரே வருசத்துல 300க்கு மேல சேந்துபோச்சு. 1860கள் தொடக்கத்துல அதையெல்லாம் பூங்காவுக்குக் கொண்டுவந்துட்டாங்க. அதுலேருந்து சென்னைக்காரங்க வாயில மியூசியம் "செத்த காலேஜ்", மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". கிராமத்துலேருந்து பட்டணம் பாக்கப் போறவங்க செத்த காலேஜ், உயிர் காலேஜ், பீச்சு, எல்.ஐ.சி. கட்டடம்னு வரிசையாப் பாத்துட்டு, மூர் மார்க்கெட்டுல பொருள் வாங்கிக்கிட்டுத் திரும்புவாங்க.

நானும் உயிர் காலேஜ் பாத்தேன். 1978ல, ஒன்பது வயசு. அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு யானைக்கவுனி வழியா நடத்தியே கூட்டிக்கிட்டுப் போச்சு. "கண்ணு, கம்பிக்குள்ள கைய விடாத, குரங்கு புடுங்கிடும்"னு சொல்லிக்கிட்டே வந்துது. புலி கூண்டுக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருந்துது. அந்த மூத்திர நாத்தம் இப்போகூட மூக்குல இருக்கு. எனக்குப் புலியை விட அங்க இருந்த மரங்கதான் ஆச்சரியம். நம்ம ஊரு ஏரிக்கரையில இருக்கிற மாதிரி பெரிய பெரிய மரங்க பட்டணத்துக்கு நடுவுல.

அந்தக் கூண்டுங்களுக்கு ஒரு கொடுமையான வருசமும் உண்டு. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்னு சென்னையே காலியாச்சு. எங்க தாத்தா சொல்லுவாரு, மூட்டை முடிச்சோட பட்டணத்து ஜனங்க நம்ம பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து மாட்டுக் கொட்டாயில எல்லாம் தங்கினாங்களாம். குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா சிங்கமும் புலியும் தெருவுல இறங்கிடும்னு பயந்து, மலபார் ஸ்பெஷல் போலீசைக் கூட்டியாந்து சிங்கம், புலி, சிறுத்தை, கரடியை எல்லாம் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஜப்பான் படை வரவே இல்ல. அடுத்த வருசம் ஒத்தை விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுட்டுப் போனதோட சரி.

அதுக்கும் முன்னாடி இன்னொரு சாவு. டிசம்பர் கடைசி வாரம் வருசா வருசம் பூங்காவுல கண்காட்சி நடக்கும், பார்க் ஃபேர்னு பேரு. தென்னங்கீத்தும் பனை ஓலையும் வேஞ்ச பந்தல், கடை, வேடிக்கை. 1886 டிசம்பர் 31ஆம் தேதி அந்த ஓலைப் பந்தல்ல தீப் பிடிச்சுது. நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க. வைக்கப்போர் எரியிறதைப் பாத்தவங்களுக்கு ஓலைப் பந்தல் எவ்வளவு சீக்கிரம் எரியும்னு தெரியும். ஓடுறதுக்கு நேரம் கிடைக்காது.

சரி, 116 ஏக்கர் எங்க போச்சு? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

யாரும் திருடல. ராத்திரியோட ராத்திரியா வேலி போட்டு எவனும் வளைக்கல. ஒவ்வொண்ணும் நல்ல காரியத்துக்குத்தான் போச்சு.

முதல்ல டவுன் ஹால். சென்னை ஜனங்க கூட்டம் போட, நாடகம் போட ஒரு பொது மண்டபம் வேணும்னு பெரிய மனுசங்க எல்லாம் பணம் போட்டாங்க. முனிசிபாலிட்டி பூங்காவுலேருந்து 57 கிரவுண்டு குடுத்துது. நம்ம கணக்குல 3 ஏக்கர் 14 சென்ட். 99 வருசக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா. மொத்தமாப் பாத்தா 28 ரூபா சொச்சம்! விஜயநகரம் ராஜா 1883ல அடிக்கல் வெச்சாரு. சிசோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் கட்டினாரு. விக்டோரியா பொன்விழா வந்ததால விக்டோரியா பப்ளிக் ஹால்னு பேரு வெச்சாங்க. சென்னையில முதன்முதலா 1897ல சினிமா காட்டினது அந்த மண்டபத்துலதான். விவேகானந்தரும் காந்தியும் பேசின இடம். அதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

அடுத்தது மார்க்கெட். பிராட்வே பக்கம் இருந்த பழைய மார்க்கெட்டுல நெரிசல். கார்ப்பரேஷன் தலைவர் ஜார்ஜ் மூர் 1898ல அடிக்கல் போட்டு, 1900ல திறந்தாங்க. சிவப்புக் கட்டடம், நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவுல தோட்டம். மூர் மார்க்கெட்னா பழைய புஸ்தகம், கிளி, புறா, மீன் தொட்டி, கிராமபோன் தட்டு. என் ஒன்பதாங்கிளாஸ் புஸ்தகம் அத்தனையும் அங்க பாதி விலைக்கு வாங்கினதுதான். அதுவும் நல்ல காரியம்தானே?

அப்புறம் ரிப்பன் மாளிகை. கார்ப்பரேஷனுக்கு ஒரு ஆபீசு வேணும். 1909 டிசம்பர்ல மிண்டோ பிரபு அடிக்கல் வெச்சாரு, 1913ல வேலை முடிஞ்சுது, செலவு ஏழரை லட்சம். வெள்ளை வெளேர்னு நிக்குது, பாத்தா கண்ணு நிறையும். உள்ளாட்சிக்கு வழி காட்டின ரிப்பன் பிரபு பேரு வெச்சது பொருத்தம்தான். ஆனா பூங்காவைக் காக்க வேண்டிய கார்ப்பரேஷன், தானே பூங்காவுக்குள்ள வீடு கட்டிக்கிட்டுது. தலையாரியே தோப்புக்குள்ள குடிசை போட்டா அப்புறம் யாரைத் தடுக்க முடியும்?

பிறகு ஸ்டேடியம். ஜனங்க விளையாட வேண்டாமா? 1956லேருந்து 1965 வரைக்கும் டெஸ்ட் கிரிக்கெட் எல்லாம் அந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துலதான் நடந்துது. 1993ல அதையே நேரு ஸ்டேடியமாப் பெருசாக் கட்டினாங்க. இதுக்கு நடுநடுவுல ரோடு, ஆபீசு, நிறுத்துமிடம்னு சின்னச் சின்னதா எவ்வளவோ.

எங்க ஊரு மந்தைவெளியை இப்போ நினைச்சுப் பாக்கிறேன். அ-பதிவேட்டுல மேய்க்கால் புறம்போக்குன்னு இருந்த நிலம். நான் சின்னப் பையனா இருந்தப்போ இருநூறு மாடு நிக்கும். முதல்ல மேல்நிலைத் தொட்டி வந்துது. குடிதண்ணிக்கு யார் வேணாம்பாங்க? அப்புறம் சத்துணவுக் கூடம். குழந்தைங்க சோறு. அப்புறம் ரேஷன் கடை, நெற்களம், மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடம். நெற்களம் கேட்டு மனு குடுத்ததுல என் கையெழுத்தும் இருக்கு, அது வேணும்தான். இப்போ மந்தைவெளியில நாலு மாடு சேந்து நிக்க இடம் இல்ல. எவன் மேலயும் கேஸ் போட முடியாது, எல்லாம் முறைப்படி தீர்மானம் போட்டு நடந்தது.

மிச்சம் இருக்கிறது ஒரு குட்டை. 50 சென்ட். போன கிராம சபையில அதைத் தூத்துட்டு சமுதாயக் கூடம் கட்டலாம்னு பேச்சு வந்துது. "ஒரு குட்டை போனா என்ன அண்ணே ஆயிடும்? கல்யாணத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வாடகை குடுத்து மாளல"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. அவர் கேக்கறது நியாயம். பொண்ணு கல்யாணம் வெச்சிருக்காரு. நான் அங்க கணக்கு மட்டும் சொன்னேன். 50 சென்ட் குட்டை ஆறடி ஆழத்துக்கு நிறைஞ்சா சுமார் 37 லட்சம் லிட்டர். பன்னெண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில 300 நடை. அந்தத் தண்ணி அடுத்த மழையில யார் வீட்டுக்குள்ள நிக்கும்னு முடிவு பண்ணிட்டுத் தூத்தலாம்னேன். கூட்டம் முடிவெடுக்காமக் கலைஞ்சுது. அடுத்த கிராம சபையில திரும்ப வரும். அதனாலதான் இந்தப் பூங்கா கதையைத் தேடித் தேடிப் படிச்சேன், இங்க எழுதறேன்.

பூங்காவுக்கு மோசமான வருசம் 1985. மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிஞ்சு போச்சு. அந்த இடத்துல ரயில்வே புறநகர் ரயில் நிலையம் கட்டிக்கிச்சு. ரயில்வே கணக்குல இன்னிக்கும் அதுக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்னுதான் பேரு. அதே வருசம் ஜூலையில வண்டலூர்ல புது மிருகக்காட்சி சாலையை எம்.ஜி.ஆர். திறந்தாரு. நெரிசல்ல கம்பிக்குள்ள சுத்தின புலிக்கு அது நல்லதுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூலக்கொத்தளத்து ஏழைப் பிள்ளை நடந்து போய்ப் பாத்த மிருகம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால போயிடுச்சு. மிருகம் போன நிலமும் பூங்காவாத் திரும்பல.

மூர் மார்க்கெட் வியாபாரிங்களுக்கு மாத்து இடம் குடுக்கணுமே? அதுக்கு வணிக வளாகம் கட்டின இடத்தோட பேரு அல்லிக்குளம். ஆமாங்க, பதினோரு குளத்துல ஒண்ணு. அல்லி பூத்த குளத்து மேல கான்கிரீட் கட்டடம். பிற்பாடு அதுக்குள்ள கோர்ட்டுங்களும் வந்து, "அல்லிக்குளம் கோர்ட்டு"ன்னு பேரு ஆச்சு. வாய்தாவுக்குப் போறவன் எத்தனை பேரு இது குளமான்னு யோசிச்சிருப்பான்?

பெருமழை வந்தா டிவியில என்ன காட்டுறாங்கன்னு பாருங்க. பெரியமேடு, சூளை, பட்டாளம், புளியந்தோப்பு, கணேசபுரம் சுரங்கப்பாதை. முழங்கால் தண்ணி, சில வருசம் இடுப்புத் தண்ணி. எல்லாம் பூங்கா இருந்த பக்கத்தையும் மூலக்கொத்தளத்தையும் சுத்தின இடங்கதான். பதினோரு குளம் இருந்திருந்தா வெள்ளமே வந்திருக்காதுன்னு நான் சொல்லல. பக்கிங்காம் கால்வாய் குறுகிப் போனது, கூவம் அடைச்சது, ஏரிங்க போனதுன்னு காரணம் பல. ஆனா தண்ணிக்கு ஞாபகம் ஜாஸ்தி. முன்னே தங்கின பள்ளத்தை அது மறக்காது.

மத்த ஊருல எப்படின்னும் பாத்தேன். நியூயார்க்ல சென்ட்ரல் பார்க்னு ஒண்ணு, 843 ஏக்கர். நம்ம பூங்காவுக்கு ஒரு வருசம் மூத்தது, 1858ல ஜனங்களுக்குத் திறந்தது. அதுக்கும் சுத்தமான கதை இல்ல. செனிகா வில்லேஜ்னு கறுப்பின மக்கள் சொந்தமா நிலம் வாங்கிக் குடியிருந்த ஊரைக் காலி பண்ணிட்டுத்தான் போட்டாங்க. ஆனா போட்டதை விடல. உலகத்துலயே விலை உயர்ந்த மனைக்கு நடுவுல அவ்வளவும் பச்சையாவே கிடக்குது. பக்கத்துல பெங்களூரு கப்பன் பார்க் 1870ல வந்தது. அதுக்குள்ளயும் ஐகோர்ட்டு, லைப்ரரின்னு புகுந்துதான் இருக்கு. 1975ல கர்நாடகாவுல அரசுப் பூங்காக்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு ஜனங்க கோர்ட்டுக்குப் போய்க்கிட்டே இருக்காங்க, பூங்காவும் பெரிய அளவுல நிக்குது.

நம்மகிட்ட சட்டம் இல்லையான்னா, அவங்களுக்கு முன்னாடியே இருக்கு. தமிழ்நாட்டுல பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டம் 1959ல வந்துட்டுது. டிரெவெலியன் வந்து சரியா நூறு வருசம் கழிச்சு. அதுக்குள்ள மண்டபம், மார்க்கெட், மாளிகை எல்லாம் உள்ளே உக்காந்தாச்சு. அல்லிக்குளம் போனது சட்டம் வந்த பிறகுதான்.

மிச்சம் இருக்கிறதைப் பாக்கணும்னு நினைக்கிறவங்க ஒரு நாள் காலையில கிளம்புங்க. வெயில் ஏறினா நடக்க முடியாது. பழைய ஜெயில் ரோட்டுல மாடிப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு. 1772 மதில்ல இடிக்காம விட்ட துண்டு அது. மதிலோட அகலத்தைப் பாருங்க, மேல செடி வெச்சுப் பூங்காவாவே ஆக்கியிருக்காங்க, அவ்வளவு கனம். பூங்காவை அழிச்சுக் கட்டடம் கட்டின பட்டணத்துல, பழைய கட்டடத்து மேல பூங்கா வெச்ச ஒரே இடம் இதுதான்னு நினைக்கிறேன். நேரம் இருந்தா பக்கத்துல ராயபுரம் ராபின்சன் பூங்காவையும் எட்டிப் பாக்கலாம். 1949 செப்டம்பர் 18ல கொட்டுற மழையில தி.மு.க.வோட முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். இப்போ அறிஞர் அண்ணா பூங்கா.

அங்கேருந்து ஜெயில் ரோட்டோட மேற்கே நடந்தா, வடக்கு மதில் போன வழியிலேயே மூலக்கொத்தளத்துக்கு வந்துடுவீங்க. தெற்கே திரும்பி வால்டாக்ஸ் ரோட்டுல இறங்குனா மேற்கு மதில். யானைக்கவுனி தாண்டி சென்ட்ரல். அதைத் தாண்டி மூர் மார்க்கெட் இருந்த இடம், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகைன்னு வரிசையா வரும். பின்னால போய் ஸ்டேடியத்தைச் சுத்தினா, சைடன்ஹாம்ஸ் ரோட்டு ஓரமா மை லேடி பூங்கா இருக்கு. பெரிய பூங்காவோட மிச்சத் துண்டு. ஒரு காலத்துல மலர்க் கண்காட்சிக்குப் பேர் போனது. மரத்தடியில சிமெண்டுப் பெஞ்சுல பெரியமேட்டுத் தோல் மண்டியில வேலை செய்யிறவங்க மத்தியானம் படுத்திருப்பாங்க. 1859ல போட்ட பூங்கா யாருக்காகன்னு கேட்டா, அவங்களுக்காகத்தான்.

திரும்பி வர்றதுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்லேருந்துதான் கிளம்பும். ஸ்டேஷன் பக்கத்துல பழைய மூர் மார்க்கெட்டைச் சின்னதா மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. ரெண்டு நிமிசம் நின்னு அதையும் பாத்துட்டு வண்டி ஏறுங்க.